உள்ளே வரிசையில் நிற்பவர்கள்

"வயிறு போச்சா?"

படகுத்துறையில் ஊரே பார்க்க, வேலைக்குக் கிளம்பும் மகளிடம் சலேஹா கேட்ட கடைசிக் கேள்வி இதுதான், காலைக்கடன் ஒழுங்காக முடிந்ததா என்று. அன்று சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. துறையின் கூரையில் சிவப்புக் கூண்டு விளக்குகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. ஷாஹிரா ஒரு தோளில் பையும் மறுகையில் சக்கரப் பெட்டியுமாக நின்றாள். செபராங் ஜெயாவில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. படகேறினால் அக்கரை, அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம். சலேஹா நின்ற நிலையைப் பார்த்தவர்கள், பெண் லண்டனுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"உம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்லா. அவங்களுக்கும் வயிறு இருக்கு. போச்சா, போகலையா?"

"போச்சு."

"நல்லா போச்சா, சும்மா பேருக்கா?"

ஷாஹிரா வரிசையோடு நகர்ந்துவிட்டாள். அவளுடைய அத்தா ஹைதர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடலைப் பார்த்தான். படகு நகர்ந்த பிறகும் சலேஹா அங்கேயே நின்றாள். மகள் கையசைத்தாளா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. படகின் பின்தளத்தில் நின்ற கூட்டத்தில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்த உருவம் தன் மகள்தான் என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். அந்த வாழைப்பழத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினாள்.

சூலியா ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சலேஹா மதியச் சோற்றுக்கடை வைத்திருக்கிறாள். நான்கு மேசை, ஒரு கண்ணாடி அலமாரி, அலமாரிக்குள் எட்டு வகைக் கறி. ஆள் குள்ளம். கறி அள்ளுவதற்குக் காலடியில் ஒரு மரப்பலகை போட்டு ஏறி நிற்பாள். இடக்காது கேட்காது. வலக்காதில் தூடோங் என்னும் தலைத்துணிக்குள் கைப்பேசியைச் செருகி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வேலை செய்தபடியே பேசுவாள். காதுக் கருவி ஒன்று உண்டு. ஆவி பட்டால் கெட்டுப்போகும் என்று அதைக் காலியான கிராம்பு டின்னில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். ஆகவே கடை நேரத்தில் அவளிடம் பேச வேண்டியவர்கள் வலப்பக்கம் வந்து நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இடப்பக்கம் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். பழகியவர்கள் சிரித்துக்கொண்டு வழிவிடுவார்கள்.

வயிற்றைப் பற்றி அவள் கேட்காத ஆள் இந்தச் சந்தில் கிடையாது. எதிர் வங்கியின் காவலாளி தங்கராஜு தினமும் அகப்படுவான்.

"என்னா தங்கராஜு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. வயிறு போச்சா?"

"அக்கா, நான் மீன்கறி வாங்க வந்தேன். பின்னாடி எங்க மேனேஜர் நிக்கறாரு."

"அவரையும் கேக்கத்தான் போறேன். நேத்து வெண்டிக்காய ஒதுக்கிட்டுப் போனே, பாத்தேன். இன்னைக்கு ரெண்டு கரண்டி வைக்கறேன், துன்னு."

"எனக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க காவல் காக்க. நீங்க சும்மாவே என் வயித்தைக் காவல் காக்கறீங்க."

சிரிப்பு எழும். சலேஹா சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு அல்ல.

ஷாஹிராவுக்குப் பதினான்கு வயதில் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று அது தொடங்கியது. ஓடி முடித்தவள் வாந்தி எடுத்தாள். தலைவலி என்றாள். பிறகு, தட்டில் பாதிச் சோறுதான் தெரிகிறது, மறுபாதி எங்கே என்று கேட்டாள். மருத்துவமனையில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் கோலாலம்பூருக்குப் போய் வந்தது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன, சாப்பாட்டை எரித்து உடம்புக்குத் தெம்பு கொடுப்பவை அவைதான், உங்கள் மகளுக்கு அந்த அடுப்புகளில் பாதி சரியாக எரிவதில்லை என்று டாக்டர் விளக்கினார். சலேஹாவுக்கு அடுப்புக் கதை உடனே புரிந்தது. அடுத்ததுதான் புரிய நேரமாயிற்று. இவளுக்கு வந்திருக்கும் வகைக் கோளாறு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்குச் சீனி வியாதி எந்த வயசுல வந்துச்சு? காது எப்பத்திலிருந்து கேக்கல?" என்று கேட்டார். சலேஹா இரண்டுக்கும் பதில் சொன்னாள். டாக்டர் மெல்லத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு வெறும் சீனிதான், காது சளியில் போனது என்றே சொல்லி வருகிறாள்.

மகளுக்கு அடுத்த சில வருடங்களில் படுத்துக்கொண்டது குடல். குடலும் தசைதானே, தெம்பு இல்லாவிட்டால் அதுவும் அசையாது. சாப்பிட்டது உள்ளேயே தேங்கும். வயிறு மேளம் போல விறைக்கும். தேங்கிய இடத்தில் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். அது வேண்டியவற்றையும் சேர்த்து அழித்துவிடும். வலி வந்தால் ஷாஹிரா சாப்பிட மாட்டாள். சாப்பிடாவிட்டால் தெம்பு இல்லை, தெம்பு இல்லாவிட்டால் குடல் இன்னும் அசையாது. இந்தச் சுழலில் பெண் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவமனைக்கு டயட்டீஷியனாக ரூபினி வந்து சேர்ந்தாள். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண்.

நமக்குச் செரிக்காத நாரையும், ஆறிப்போன சோற்றில் உருவாகும் ஒரு வகை மாவுச்சத்தையும் குடலின் நுண்ணுயிர்கள் சாப்பிடுகின்றன என்றாள் ரூபினி. சாப்பிட்டுவிட்டு அவை சில அமிலங்களைத் தருகின்றன, குடலின் உள்சுவர் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது என்றாள். சோற்றுக்கடைக்காரிக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அப்போ நம்ம சாப்பிடறது நமக்கு மட்டும் இல்ல. உள்ள ஒரு கூட்டம் லைன்ல நிக்குது."

"அப்படியும் சொல்லலாம் அக்கா."

"சாப்ட்டுட்டு சும்மாவும் போறதில்ல. அடுப்புக்கு வெறகு போட்டுட்டுப் போறாங்க."

ரூபினி சிரித்துவிட்டாள். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஆனா அக்கா, இதை இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. குடல் நல்லா இருந்தா அவளுக்கு உதவி. நோயைத் தீக்கற மருந்து இல்ல. முக்கியமா, வயிறு காயவே கூடாது" என்றாள். ஒவ்வொரு சந்திப்பிலும் இந்த வாக்கியங்களைச் சொல்வாள். கடைசி வாக்கியம் சலேஹாவின் வலக்காதில் விழும். நடுவில் உள்ளது இடக்காதுப் பக்கமாகப் போய்விடும்.

அன்றிலிருந்து மகளுக்கான சோறு முந்தின நாளே வெந்தது. வடித்து, ஆற்றி, குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் லேசாகச் சூடு காட்டித் தட்டுக்கு வரும். காய்வாழை, பயறு, வெண்டை, பூசணி எல்லாம் விரலளவில் தொடங்கிக் கைப்பிடியளவுக்கு ஏறின. அவசரப்பட்டு அதிகம் வைத்த நாளில் வயிறு உப்பி, இரண்டு வாரம் பின்னுக்குப் போய்த் திரும்ப வர வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் ஷாஹிராவுக்குக் கன்னம் வந்தது. விட்ட படிப்பை முடித்தாள். வேலைக்கு எழுதிப் போட்டாள். சலேஹா கரண்டியோடு கடைவாசலுக்கே வந்து நின்று சொல்லத் தொடங்கினாள். "எம் மகளுக்கு வயிறு சரியாயிடுச்சு. வயிறு சரியானா எல்லாம் சரிலா." பழ வண்டிக்காரனிடம் சொன்னாள், மேனேஜரிடம் சொன்னாள், சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி சொன்னாள். பக்கத்தில் ஷாஹிரா இருந்தாலும் சொன்னாள்.

அக்கரைக்குப் போகும்போது ஒரே ஒரு நிபந்தனை. தினமும் மதியம் தட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஷாஹிரா அனுப்பினாள். ஒரு மாதம் ஒன்றும் குறையில்லை.

பிறகு நோன்பு மாதம் வந்தது.

நோன்பு மாதத்தில் சலேஹாவின் கடை மதியத்தில் திறக்காது. அலமாரி காலியாகி, பின்கட்டில் அண்டா ஏறும். பள்ளிவாசலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகிற நோன்புக் கஞ்சி அவள் கையால் ஆக வேண்டும். அரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கடைசியாகத் தேங்காய்ப்பால். காய்கறி நறுக்கும் லெட்சுமிக்கு அந்த மாதம் பதவி உயர்வு. நோன்பு இல்லாத நாக்கு அவளுடையது மட்டும்தான். அவள் ருசி பார்த்துச் சொல்வதுதான் உப்பு.

"லெட்சுமி, வாயைத் தொற."

"இப்பத்தானே ஒரு கரண்டி ஊத்தினீங்க. கொழந்தைக்கு மருந்து குடுக்கற மாதிரி."

"சொல்லு, உப்பு பத்துதா?"

"உப்பு பத்துது. நாக்குதான் வெந்துபோச்சு."

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. விட்ட நோன்புக்கு ஈடாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். மகளின் பெயரில் பதினான்கு வயதிலிருந்து ஒவ்வொரு நோன்பு நாளும் ஒரு பொட்டலம் சலேஹாவின் கையால் போய்க்கொண்டிருக்கிறது. தன் பெயரில் ஒன்றும் போகாது. இன்சுலின் ஊசியைச் சூரியன் சாய்ந்த பிறகு தள்ளிப் போட்டுக்கொண்டு, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, அவள் எல்லா நோன்பும் வைத்துவிடுவாள். வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது உண்டு. "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பது அவள் பதில்.

பத்தாம் நோன்போ என்னவோ. அண்டா பாதிப் பதத்தில் இருந்தது. மதியம் கைப்பேசி அதிர்ந்தது. தட்டுப்படம். பழுப்புத் தாளின் மேல் வாழையிலைத் துண்டு, சோறு, கருங்கோழி, வெண்டைக்காய், ஓரத்தில் அப்பளம். தாளில் செபராங் ஜெயாக் கடையின் பெயர் பாதி தெரிந்தது. ஹைதரின் கூட்டாளி சாஹித்தின் கடை. சலேஹா "நல்லா சாப்பிடு" என்று அனுப்பிவிட்டுத் திரும்ப அகப்பையைப் பிடித்தாள்.

நான்கு சுற்று கிண்டியிருப்பாள். அகப்பை நின்றது.

சாஹித் கடை நோன்பு மாதத்தில் மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் கதவைத் திறப்பதில்லை. அவளைப் போலவே அவனும் மதியத்தில் அடுப்புப் பற்ற வைக்காத ஆள். சரி, நேற்று மாலை வாங்கி வைத்ததாக இருக்கும். படத்தைத் திரும்பத் திறந்து விரலால் பெரிதாக்கினாள். அப்பளம் விறைப்பாக நின்றது. நேற்று வாங்கிய அப்பளம் இன்று மதியம் இப்படி நிற்காது; துணி போலத் துவண்டிருக்கும். இந்தச் சோறு நோன்பு தொடங்குவதற்கு முன்னால் என்றோ சாப்பிட்ட சோறு. படம் மட்டும் இன்று வந்திருக்கிறது.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி.

"லெட்சுமி, இந்தா புடி. அடி புடிக்காம பாத்துக்க."

"எங்கக்கா போறீங்க? பால் ஊத்தணுமே?"

சலேஹா சந்தின் முனைக்குப் போய்விட்டிருந்தாள். டாக்சி ஓட்டும் ஹைதர் விமான நிலையத்துப் பக்கம் சவாரியில் இருந்தான். அவன் வந்து ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடப்பதற்குள் பொழுது போய்விடும். படகுத்துறை நடக்கிற தூரம். அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

படகில் இயந்திரச் சத்தம். காதுக் கருவி கிராம்பு டின்னிலேயே கிடந்தது. அறைத்தோழி அதிராவின் எண்ணுக்கு அடித்து, வலக்காதில் அழுத்திப் பிடித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. "எழுதுமா, எழுது, எனக்குக் கேக்கல" என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து வந்தது. ஷாஹிரா எம்.சி. போட்டு மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டு அறையில் தூங்குகிறாள், ஆன்ட்டி. காலையிலிருந்து தலைவலி, இரண்டு முறை வாந்தி. நோன்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. முதல் நாளிலிருந்து அவள் நோன்புதான், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா சொன்னாள்.

தூங்குகிறாள் என்ற சொல்லைச் சலேஹா திரும்பத் திரும்பப் படித்தாள். வயிறு காய்ந்தால் அடுப்பு அணையும். அணையும்போது முதலில் வருவது தூக்கம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடு, உடனே அறைக்குப் போ, எழுப்பு என்று அதிராவுக்கு எழுதினாள். அவசரத்தில் எழுத்து எங்கெங்கோ போயிற்று. படகு அக்கரையை நோக்கித் தன்பாட்டுக்கு ஊர்ந்தது. பக்கத்தில் ஒரு சீனப் பெண்மணி, "ஆர் யூ ஓகே, மக்சிக்?" என்று பெரியம்மாவை விசாரிப்பது போலத் தோளைத் தொட்டுக் கேட்டாள். சலேஹாவுக்கு உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஷாஹிராவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் திறந்திருந்தது. சலேஹா இடப்பக்கமாகப் போய் நின்று கையைப் பிடித்தாள். ஷாஹிரா வலப்பக்கத்தில் தேடினாள்.

"உம்மா எங்க?"

"இங்கதான் இருக்கேன். இங்க பாரு."

"தெரியல உம்மா. அந்தப் பக்கமே தெரியல."

அவசரப் பிரிவில் பெயரைத் தட்டியதும் திரையில் எச்சரிக்கை வந்தது. இளம் டாக்டர் கேள்வி கேட்டுக்கொண்டே குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார். யாரும் தாமதிக்கவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. இருந்தும் அடுப்பு எரியாதபோது இரத்தத்தில் சேரும் லாக்டேட் அமிலம் இறங்க மறுத்தது. வாந்தி மூச்சுக்குழாயில் போனதில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் ஏறியது. ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள், வேறு வழி இல்லை. இரவும் பகலுமாகச் சலேஹா கட்டிலருகே நின்றாள். மாலையில் பாங்கு சொல்லும்போது ஜன்னலோரம் போய்ப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வாள். விடியுமுன் ஒரு டம்ளர் தண்ணீர். மறுநாளும் நோன்பு.

ஷாஹிரா பேசத் தொடங்கியது ஒரு மதியத்தில். ஹைதர் மருந்து வாங்கப் போயிருந்தான்.

"ஏன்டி?" என்றாள் சலேஹா.

ஷாஹிரா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரூமுக்குப் போன மொத வாரமே, நோன்புக்கு சஹர் யார் சமைக்கறதுன்னு முறை போட்டாங்க. நான் வைக்க மாட்டேன்னு சொல்ல வாய் வரல. பள்ளிக்கூடத்துல, காலேஜ்ல எல்லாம் கக்கூஸ்ல ஒளிஞ்சு பிஸ்கட் தின்னவ நான். யாராவது பாத்துட்டா எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க. இங்கயாவது எல்லார் மாதிரி இருக்கலாம்னு பாத்தேன்."

"உசுரு போயிருக்கும்மா."

"நீங்கதானே சொன்னீங்க. வயிறு சரியாயிடுச்சு, இனி எல்லாம் சரின்னு. ஊரெல்லாம் சொன்னீங்க. நான் நம்பிட்டேன்."

சலேஹா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். இழுக்க ஒன்றும் மிச்சமில்லாத போர்வை அது.

"அப்புறம் நீங்க? உங்களுக்கும் இதேதானே. உங்ககிட்டேர்ந்துதானே எனக்கு வந்துச்சு. இப்பவும் வாய் காஞ்சு நிக்கறீங்க. நான் மட்டும் சீக்காளியா உம்மா?"

கேட்காத காது மறுபக்கத்தில் இருந்தது. சலேஹா ஒரு சொல் விடாமல் கேட்டாள். வெளியே போய், நடைவழியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பார்வை மெல்லத் திரும்பியது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடை இருட்டு நின்றுவிட்டது. வயிறு பழையபடி மேளமானது. இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கூட்டம் மருந்தில் கலைந்துபோயிருந்தது. ரூபினி கட்டிலருகே உட்கார்ந்து, திரும்பவும் விரலளவிலிருந்து தொடங்கலாம் என்றாள்.

"வந்துடுவாங்களா?" என்றாள் சலேஹா.

"பெரும்பாலும் வருவாங்க அக்கா. ஆனா அவங்க வந்தாலும் நோய் அப்படியேதான் இருக்கும். இதை ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"சொன்னே. நான்தான் வாங்கிக்கல."

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஷாஹிரா அக்கரைக்குத் திரும்பிப் போனாள். வேலை பிடித்திருந்தது, விடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. இந்த முறை நிபந்தனை அவளுடையது. தட்டுப்படம் கிடையாது. சாப்பிட்டாயா, வயிறு போச்சா என்று எதுவும் கேட்கக் கூடாது. "சொல்லணும்னு தோணினா நானே சொல்றேன்" என்றாள். சலேஹா சரி என்று ஒத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான காரியம் அது.

கேள்வி அவளுக்குள்ளேயே தேங்கியது. மதியமானால் கட்டைவிரல் தானாகக் கைப்பேசிக்குப் போகும், இரண்டு எழுத்து தட்டும், அழிக்கும். அழித்த கையோடு கடைக்கு வருபவர்களைப் பிடித்துக்கொள்வாள். தங்கராஜுவிடம் ஒரே நாளில் மூன்று முறை கேட்டாள். "அக்கா, காலைல சொன்னதுதான் இப்பவும். நடுவுல ஒண்ணும் நடக்கல" என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஷாஹிரா மாதத்துக்கு ஒரு முறை வருவாள். ஆறிய சோறு மேசையில் இருக்கும். அவள் சாப்பிடும்போது சலேஹா சுவரைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவாள். எத்தனை கவளம் என்று பார்க்காமல் இருப்பதற்கு அவள் கழுத்துத் தசைகள் படும் பாடு ஹைதருக்குத் தெரியும். அவன் எழுந்து போய்விடுவான்.

கோயில் வெள்ளித்தேர் ஊருக்குள் வந்து போயிற்று, சீனப் பெருநாள் வந்தது. அதன் வாணச் சத்தம் ஓய்வதற்குள் அடுத்த நோன்பு மாதம் தொடங்கிவிட்டது.

முதல் நாள் மதியம் செய்தி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் சலேஹா அண்டாவைக் கிண்டிய வேகத்தில் கஞ்சி அடுப்புக்கு வெளியே தெறித்தது.

"ஒரு வார்த்தை கேட்டுடுங்கக்கா" என்றாள் லெட்சுமி. "நான் வேணா என் போன்ல கேக்கறேன்."

"வாக்கு குடுத்திருக்கேன்லா."

"வாக்கு குடுத்தது நீங்க. நான் குடுக்கல."

"தேங்கா பிழி."

"பிழிஞ்சுட்டேன். நீங்க கிண்டறதப் பாத்தா கஞ்சி பயந்துபோய் பள்ளிவாசலுக்குத் தானே நடந்து போயிடும்போல."

சலேஹா பாலை ஊற்றினாள். பால் ஊற்றியபின் கை எடுக்கக் கூடாது. எடுத்தால் திரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தூடோங்குக்குள் கைப்பேசி அதிர்ந்தது. வலக்கன்னம் முழுக்க அதிர்வு. அவள் கிண்டினாள். ஓரத்தில் நுரை கட்டியது. உள்ளே தள்ளிக் கிண்டினாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. வழக்கமாக இந்த மாதத்தில் இந்தப் பொழுதுக்கு அவளுக்குக் கை லேசாக நடுங்கத் தொடங்கும். சீனி இறங்குவதன் அடையாளம் அது. யாரும் பார்க்காமல் இடக்கையால் வலக்கையை அழுத்திக்கொள்வது அவள் வழக்கம். இன்று லெட்சுமி அதைப் பார்த்தாள். வந்து அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

பள்ளிவாசலுக்குக் கஞ்சியை ஏற்ற ஹைதர் வாளியோடு வந்து வாசலில் நின்றான். சலேஹா கைகளைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். ஷாஹிராதான்.

"உம்மா, மூணு நாளா ஆபீஸ்ல என் மேசையிலயே உக்காந்து சாப்பிடறேன். எங்கயும் ஒளியல. மொத நாள் ஒருத்தி கேட்டா. எனக்கு உடம்புல இப்படி ஒண்ணு இருக்கு, நான் நோன்பு வைக்கக் கூடாதுன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு அவ வேலையைப் பாக்கப் போயிட்டா. அவ்ளோதான் உம்மா. இத்தனை வருஷமா பயந்தது அவ்ளோதான். இப்பவும் சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் எழுதறேன். நீங்க?"

சலேஹா அதை முதலில் உதடசைத்துப் படித்தாள். பிறகு கண்ணால் மட்டும் படித்தாள். கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். ஹைதர், "என்னா, புள்ளயா?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள், லெட்சுமியைப் பார்த்தாள்.

நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்கட்டின் நடுவில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அண்டாவிலிருந்து ஒரு கிண்ணம் கஞ்சி அள்ளிக்கொண்டு வந்து, இருவர் முன்னாலும் உட்கார்ந்து, முதல் கரண்டியை ஊதி ஆற்றினாள்.